குழந்தையின் நினைவுப் பெட்டி: வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் கெடாமல் வைப்பது எப்படி?

கோட்டைவாசல்
குடியாத்தம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். ஆறு வயதுப் பெண் குழந்தை, தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கும் போய்க்கொண்டு வளர்ந்தவள். போன ஆவணியில் போய்விட்டாள். பெற்றோர் அவளுடைய பொருட்களை ஒரே பெட்டியில் வைக்க விரும்புகிறார்கள். இப்போது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பரண்மேல் கிடக்கிறது.

இருப்பவை: மஞ்சள் பட்டுப்பாவாடை (மடியில் மருந்து சிரப் கறை), துவைக்காமல் வைத்திருக்கும் ஒரு பருத்திக் கவுன், ஒற்றை வெள்ளிக் கொலுசு, மூன்று பால் பற்கள், யூகேஜி நோட்டு, கிரேயான் படங்கள் சுமார் 40, ரத்தம் ஏறும்போது கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த துணி முயல், ஆஸ்பத்திரிக் கைப்பட்டை, ஸ்கேன் படங்கள், இரண்டு பை நிறைய ரிப்போர்ட்டும் ரசீதும், இரும்புச்சத்தை இறக்கும் ஊசிமருந்துக்கான சின்ன பம்ப், தாத்தாவின் போனில் 11 வாய்ஸ் மெசேஜ்.

எதை எப்படி வைப்பது? எதை வைக்கக் கூடாது?

துணிமடிப்பு
முதல் வேலையாகப் பரணிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே. மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கிற பரண் சித்திரை, வைகாசியில் அடுப்படி மாதிரி கொதிக்கும். கிரேயான் மெழுகு இளகி ஒரு படம் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பைக்குள் பகலில் கிளம்புகிற ஈரம் ராத்திரி குளிர்ந்து துணிமேலேயே படியும். பழுப்புப் புள்ளி அப்படித்தான் வருகிறது.

பட்டுப்பாவாடையை வீட்டில் துவைக்க வேண்டாம். ஆனால் அந்தச் சிரப் கறையை அப்படியே விடவும் முடியாது. அது சர்க்கரை. நாள்பட்டால் பழுப்பாகும், பூச்சி முதலில் அங்கேதான் வாய் வைக்கும். உள்தையல் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். மஞ்சள் சாயம் ஒட்டவில்லை என்றால், கறைக்கு அடியில் வெள்ளைத் துண்டை மடித்து வைத்து, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஐந்தாறு முறை ஒற்றினால் சர்க்கரை இறங்கிவிடும். நிறம் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும். சரிகை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் ஒட்டினால் தொடவே வேண்டாம், பாவாடையைத் தனியாகச் சுற்றி வைத்தால் போதும். நிழலில் காய வையுங்கள்.

மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. சரிகை ஒரே மடிப்பில் பல வருடம் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். பழைய மல் வேட்டியை வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசிக் காயவைத்து, அதை உருளையாக்கி அதன்மேல் சுருட்டுங்கள். கஞ்சி கூடாது, நீலம் கூடாது, வாசனைத் திரவமும் கூடாது. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து.

பாத்திரத்தெரு
பெட்டியைப் பற்றி. மரப்பெட்டி, டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி மூன்றும் பார்க்க நன்றாயிருக்கும், மூன்றிலும் குறை உண்டு. மரம் புளிப்பு ஆவி விடும், கரையானுக்கும் வழி. டிரங்குப் பெட்டியின் பெயின்ட் உதிர்ந்தால் துரு துணியில் ஏறும், அந்தக் கறை போகவே போகாது. மலிவான பிளாஸ்டிக் நாளடைவில் பிசுபிசுக்கும்.

நம் வீடுகளில் அரிசி கொட்டி வைக்கிற எவர்சில்வர் டப்பாதான் சரியான பெட்டி. துரு இல்லை, வாசனை இல்லை, எலி கடிக்காது, பூச்சி துளைக்காது. 20 லிட்டர் பிடிக்கிற அகல வாய் டப்பா ஒன்று துணிக்கு, சின்னச் சம்படம் ஒன்று மற்றவைக்கு. கொக்கி மூடி இருந்தால் இன்னும் நல்லது. புது டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பசை போனபின் ஒரு நாள் முழுக்கத் திறந்து காயவிடுங்கள். உலோகம் ராத்திரியில் சட்டென்று குளிரும், அதனால் சுவரில் துணி நேராகப் படாமல் அலசிய வேட்டித் துணியை உள்ளே சுற்றிலும் விரிக்க வேண்டும்.

ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் 100 கிராம், துணிப்பையில் கட்டி அடியில். நீல நிறம் வாங்காதீர்கள், அதில் கோபால்ட் இருக்கிறது. ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் சிறு தீயில் கிளறினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆறியபின் கட்டி வையுங்கள்.

மேற்குச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். உள்ளறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போதும்.

கோட்டைவாசல்
நன்றி அண்ணா. உறவினர் ஒருவர் ராணிப்பேட்டைத் தோலில் பெட்டி செய்து தருகிறேன் என்கிறார். ஆசையாகக் கேட்டார், மறுக்கச் சங்கடமாக இருக்கிறது.

தோல்மண்டி
மறுக்க வேண்டாம். எவர்சில்வர் டப்பாவுக்கு வெளியுறையாகச் செய்து தரச் சொல்லுங்கள். உள்ளே மட்டும் தோல் படக் கூடாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் புளிப்பு இருக்கும், வெள்ளைத் துணியில் பழுப்பு ஏறும், ஐப்பசி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே இருந்தால் துடைத்துக்கொள்ளலாம். மூடிமேல் பாப்பாவின் பெயரைச் சூட்டு அச்சில் பதிக்கச் சொல்லுங்கள், மை தேவையில்லை, அழியாது.

வீட்டுப்பெரியம்மா
எல்லாம் சரி, பாச்சை உருண்டை நாலு போட்டால் போதுமே? எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான்.

மருந்துச்சீட்டு
பெரியம்மா, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாச்சை உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம் என்று விற்பதில் பெரும்பாலும் நாப்தலீன்தான். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அதன் ஆவியே போதும், சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலையும் ரத்தசோகையும் வரும். பச்சைக் குழந்தைக்கு இன்னும் ஆபத்து. அந்த வீட்டில் அடுத்து ஒரு குழந்தை பிறந்து, "அக்கா துணி" என்று ஆசையாக எடுத்துப் போட்டால் என்னாகும் என்று யோசியுங்கள். பிளாஸ்டிக் பொத்தானையும் பொம்மைக் கண்ணையும்கூட அது இளக்கும்.

பதிலுக்கு வசம்பு. இரண்டு துண்டு, துணியில் முடிந்து, டப்பாவின் ஓரத்தில், துணிமேல் நேராகப் படாமல். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பூச்சியைக் கொல்லாது, விலக்கி வைக்கும். இறுக்கமான மூடிதான் உண்மையான காவல். வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் அது இருப்பது பொருத்தம்தான்.

துணிமடிப்பு
துணி முயலுக்கு ஒரு வார்த்தை. பஞ்சுக்குள் முட்டை இருந்தால் வசம்பும் மூடியும் ஒன்றும் செய்யாது. பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது. ஐஸ்கிரீம் கடையில் கேட்டால் ஒரு மூலை தருவார்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க வெளியே வைத்துப் பிறகு திறவுங்கள். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் பஞ்சில் இறங்கும்.

முயலின் காது, மூக்கு நைந்திருந்தால் தைக்க வேண்டாம். அவள் பிடித்த இடம் அது.

மல்லிகைத்தோட்டம்
அந்தத் துவைக்காத கவுன். சட்டென்று துவைத்துவிடச் சொல்லாதீர்கள்.

துணிமடிப்பு
துவைக்காத துணி பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் அழைப்பு. வியர்வை உப்பு இழையை அரிக்கும். பத்து வருடத்தில் அக்குள் பக்கம் கிழிந்துவிடும். இது ஆசை பார்த்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

மல்லிகைத்தோட்டம்
இழை பத்து வருடம் நின்றால் போதும் என்று நினைக்கிற அம்மாக்கள் உண்டு. வாசனைக்காக வைத்திருப்பதை வாசனைக்காகவே வைக்கலாம், வழி இருக்கிறது. கவுனை நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள், வெயில் படாமல். நன்றாகக் காய்ந்தபின் அகல வாய்க் கண்ணாடி ஜாடியில் தளர்வாக வைத்து இறுக்கி மூடுங்கள். ஊறுகாய் ஜாடி வேண்டாம், வாசனை போகாது; புது ஜாடி. பட்டு, முயல் இருக்கிற டப்பாவில் இதைச் சேர்க்காதீர்கள், பூச்சி வந்தாலும் ஒன்றோடு நிற்கும். வசம்பு, கற்பூரம், சந்தனம் எதுவும் உள்ளே கூடாது, அவற்றின் வாசம்தான் கடைசியில் மிஞ்சும். திறக்கிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். அதைப் பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எப்போது திறப்பது, யார் திறப்பது என்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

துணிமடிப்பு
தனி ஜாடி என்றால் ஏற்கிறேன். ஒரே ஒரு துணி மட்டும். மற்றதெல்லாம் சுத்தமாக.

நகைத்தட்டு
கொலுசை விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம், பற்பசையும் வேண்டாம். திருகாணிப் பக்கம் இருக்கிற தேய்மானமும், சலங்கை இடுக்கில் சிக்கியிருக்கிற மண்ணும் அவள் ஓடியதன் தடம். பாலித்தீன் ஜிப் பையில், பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் கறுப்பது மெதுவாகும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

பால் பல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் பஞ்சின்மேல். ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். சிலிக்கா ஜெல் இருக்கிற டப்பாவிலும் வேண்டாம், ரொம்ப உலர்ந்தால் வெடிப்பு விடும். பாதிப் பேர் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிடுகிற பொருள் இது. மூன்று கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

காகிதக்கட்டு
இரண்டு பை ரசீதில் முக்கால்வாசி வைக்கத் தேவையில்லை. தேவையானவற்றிலும் அவசரம் இருக்கிறது: ஸ்கேன் படமும் மருந்துக்கடை ரசீதும் பெரும்பாலும் வெப்பத்தாள். அதில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சு மட்டுமே. வெயில், வெளிச்சம், சானிடைசர் கை, பிளாஸ்டிக் கவர் எது பட்டாலும் எழுத்து மங்கும். லேமினேட் செய்தால் முழுத் தாளும் ஒரே நொடியில் கறுத்துவிடும். தயவுசெய்து கடையில் கொடுத்துவிடாதீர்கள். இந்த வாரத்திலேயே ஸ்கேனரில் 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போட்டோ.

வட்டத் தகட்டில் கொடுத்த சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ இருந்தால் முழு ஃபோல்டரையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுங்கள். நம் ஊர் சூட்டில் அந்தத் தகடு நம்பகமில்லை.

யூகேஜி நோட்டின் ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் தையுங்கள், துரு பரவாது. செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், புதிதாக ஒட்டவும் வேண்டாம். கிரேயான் படங்களுக்கு நடுவில் பேக்கரியில் விற்கும் பட்டர் பேப்பர் ஒவ்வொன்று. படுக்கை வசமாக, பத்துப் பத்தாக. மேலே பாரம் வைக்கக் கூடாது.

இன்னொன்று. இரண்டு பை ஆஸ்பத்திரித் தாளையும் இந்தப் பெட்டியில் திணித்தால், திறக்கிற போதெல்லாம் நோய்தான் முதலில் கையில் வரும். கைப்பட்டை ஒன்று, ஒரு சீட்டு, போதும். மீதி தனி ஃபைல்.

மரபணுத்தாள்
அந்தத் தனி ஃபைலைப் பற்றித்தான் எழுத வந்தேன். இந்த உரையாடலில் இதுவரை வந்ததிலேயே அவசரமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

தலசீமியா மேஜர் குழந்தையின் அப்பா அம்மா இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு நோய் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். முந்தைய குழந்தைக்கு வந்தது என்பதால் அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு திசு எடுத்து, குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க முடியும். ஆனால் அந்தச் சோதனைக்கு இந்தக் குடும்பத்தில் எந்த மாற்றம் இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பீட்டா குளோபின் மரபணு ரிப்போர்ட் என்று ஒன்று இருந்தால் அது பெட்டிக்குள் போகக் கூடாது. பீரோவில், ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் இருக்கட்டும். போட்டோ எடுத்து இருவர் போனிலும் வையுங்கள்.

இல்லையென்றால் பெற்றோர் இருவரும் கர்ப்பத்துக்கு முன்பே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். கர்ப்பம் தரித்தபின் ஆரம்பித்தால் வாரங்கள் ஓடிவிடும். வேலூர் சிஎம்சியின் ரத்தவியல் துறையில் இந்தச் சோதனை செய்கிறார்கள். குழந்தையின் மாதிரி ஆய்வகத்தில் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும் ரத்தத்தில் ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) அளவு ஒருமுறை பார்க்க வேண்டும். பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சுமப்பவர். நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கிற வழக்கம் இருப்பதால் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பார்ப்பது நல்லது. ஒருவர் சுமப்பவர், மற்றவர் இல்லை என்றால் மேஜர் வராது, கல்யாணத்தை நிறுத்த வேண்டியதும் இல்லை.

காகிதக்கட்டு
சேர்த்துச் சொல்கிறேன்: உள்நோயாளிப் பதிவை மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட விதி சொல்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் அதற்கு மேலும் வைத்திருக்கும், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நகல் கேட்க வேண்டியவை: ஆஸ்பத்திரி எண், குழந்தையின் பிறப்பு, இறப்புச் சான்று, பெற்றோர் ஆதார் நகல், ஒரு விண்ணப்பம். தாமதிக்காதீர்கள்.

கோட்டைவாசல்
மரபணு ரிப்போர்ட் அந்தப் பையில்தான் இருந்தது, தேடி எடுத்தாயிற்று. மிக்க நன்றி.

குரல்பதிவு
வாய்ஸ் மெசேஜ் 11 என்றீர்கள். தாத்தாவின் போனை யாரும் ரீசெட் செய்யவோ, ஸ்டோரேஜ் நிறைந்தது என்று வாட்ஸ்ஆப் சாட் எதையும் அழிக்கவோ கூடாது. அவருக்கு முதலில் அதைச் சொல்லுங்கள்.

1. ஒவ்வொரு மெசேஜையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இறக்கு அம்புக்குறி இருந்தால் அது இன்னும் போனுக்கு வரவில்லை. வாட்ஸ்ஆப் சர்வரில் அது நிரந்தரமாக இருக்காது. இறங்கவில்லை என்றால் அனுப்பிய போனில் தேட வேண்டும்.
2. அந்தச் சாட்டில் மெசேஜ் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் அணையுங்கள்.
3. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்ஆப் என்று உள்ளே போனால் வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டர் வரும். வாரவாரியாகப் பிரிந்திருக்கும். ஃபைல் பெயரிலேயே தேதி இருக்கும். ஃபோல்டரை முழுசாகக் கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள்.
4. ஓபஸ் (வாட்ஸ்ஆப் குரலைச் சேமிக்கும் வகை) ஃபைலை அப்படியே ஒரு பிரதி, டபிள்யூஏவி என்ற பொதுவான ஒலி ஃபைலாக்கி ஒரு பிரதி. இன்னொரு போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து ரெக்கார்டு செய்யாதீர்கள், மின்விசிறிச் சத்தம்தான் வரும்.
5. போட்டோவும் வீடியோவும் ஒருவருக்கொருவர் அனுப்பும்போது டாக்குமெண்ட் என்று அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

தாத்தாவின் எண் ரீசார்ஜ் இல்லாமல் நின்றுவிடக் கூடாது. வாட்ஸ்ஆப் 120 நாள் தொடாமல் கிடந்தால் கணக்கே போகும். கூகுள் கணக்கு 2 வருடம் தொடாவிட்டால் அழிக்கப்படலாம். மூன்று பிரதி: ஒரு ஹார்டு டிஸ்க் இந்த வீட்டில், ஒன்று வேலூரில் இருக்கிற உறவினர் வீட்டில், ஒன்று கூகுள் டிரைவில். பென் டிரைவ் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் தரவு மங்கும்.

ஒவ்வொன்றிலும் என்ன பேசுகிறாள் என்பதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். "தாத்தா, மொறுக்கு எடுத்தாந்தியா" என்று அவள் சொன்னால் அப்படியே எழுதுங்கள், "முறுக்கு வாங்கி வந்தாயா" என்று திருத்தாதீர்கள். நம் ஊர்ப் பேச்சு அதில்தான் இருக்கிறது.

மருந்துச்சீட்டு
பம்ப். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளே விட்டால் ஒரு வருடத்தில் ஒழுகித் தகடு அரிக்கும். குரல் பொம்மை, மினுக்கும் செருப்பு இருந்தால் அவற்றுக்கும் இதேதான். பம்ப் வேலை செய்கிறது என்றால் பெட்டியில் வைப்பதைவிடச் சிகிச்சை எடுத்த இடத்தில் கேளுங்கள், இன்னொரு பிள்ளைக்குப் பயன்படும். அந்த ஊசிமருந்தை ராத்திரி 8 முதல் 12 மணி நேரம், வாரத்துக்கு ஐந்து இரவு ஏற்ற வேண்டும். பம்ப் இல்லாமல் அது முடியாது.

பையின் மூலையிலும் கவுன் பாக்கெட்டிலும் வண்ணத்துப்பூச்சி ஊசி (சிறகு வைத்த சின்ன ஊசி) கிடக்கலாம், கை விடும் முன் கொட்டிப் பாருங்கள். ஊசியைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரியிலேயே கொடுங்கள், நகராட்சிக் குப்பைவண்டியில் போட வேண்டாம். மீந்த மாத்திரைகளையும் பிரித்த மருந்து பாட்டிலையும் யாருக்கும் தரக் கூடாது. மார்ஃபின் கொடுத்திருந்தால் ஒரு மாத்திரைகூட வீட்டில் இருக்கக் கூடாது, கொடுத்த இடத்திலேயே எண்ணிக்கையோடு திருப்பிக் கொடுங்கள்.

பேரணாம்பட்டு
நினைவு நாள் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். நம் பக்கம் பல சாதிகளில் சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். கருமாதி இல்லை, திதி இல்லை. "பிள்ளைக்கு என்ன திதி" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். பெற்றோருக்கு அழ ஒரு நாள்கூட இல்லாமல் போய்விடுகிறது. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. முஸ்லிம் வீடுகளில் கபருக்குப் போய் யாசீன் ஓதுகிறார்கள். மற்றவர்கள் தாங்களே ஒரு நாளை வைத்துக்கொள்ள வேண்டியதுதான், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

புதைத்த இடம் பாலாற்றங்கரை என்றால் அடையாளத்தை இப்போதே பதியுங்கள். 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு எப்படி வந்தது என்று எல்லோரும் பார்த்தோம். போனில் அந்த இடத்தைக் குறித்து வைத்து, கரையில் நிலையாக இருக்கிற மரம், மின்கம்பம், பாலத்தூண் இவற்றிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். கல் பின்னால் நட்டுக்கொள்ளலாம்.

கோட்டைவாசல்
ஆவணியில் ஒரு வருடம் ஆகிறது. பிறந்தநாள் மாசியில். அவர்கள் ரத்ததான முகாம் வைக்கலாம் என்கிறார்கள்.

ரத்தப்பை
நல்ல எண்ணம். ஆனால் ஒரே நாளில் 100 பேர் என்று போகாதீர்கள். சிவப்பணு, பையிலுள்ள கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள்தான் தாங்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 5 நாள். தலசீமியாப் பிள்ளைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை தேவை, வருடம் முழுக்க. ஒரே நாள் 100 பையைவிட, மாதம் 8 பேர் என்று 12 மாதம் போனால் அதன் பயன் வேறு.

35 பேர் பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி ஒரு நோட்டில். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5. சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். நம் ஊரில் கல்லூரிகள் மூடுகிற சித்திரை, வைகாசியில்தான் தட்டுப்பாடு, அந்த மாதங்களுக்கு ஆளை மிச்சம் வையுங்கள்.

முகாம்தான் வேண்டும் என்றால் உரிமம் உள்ள ரத்த வங்கியோடு முன்னதாகப் பேசுங்கள். 50 முதல் 70 பேருக்கு மூன்று மணி நேரம் என்ற கணக்கில் ஒரு மருத்துவர், இரண்டு நர்ஸ், 6 முதல் 8 படுக்கை, மூன்று டெக்னீஷியன் என்பது விதி. இடத்துக்கு நிழலும் காற்றும் தண்ணீரும் வேண்டும். ஷாமியானா மட்டும் போட்டு மே மாத வெயிலில் நடத்தினால் மயங்கி விழுவார்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு அதன் சொந்தக்காரர் ரத்தம் ஏற்றக் கூடாது. கொடுங்கள், வங்கிக்குக் கொடுங்கள், வங்கி வேறு ஆளுக்குக் கொடுக்கட்டும்.

வார்டுவாசல்
அதே நாளில் வார்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது தருவதென்றால்: கேக் வேண்டாம், வீட்டுச் சாப்பாடு வேண்டாம், பஞ்சு பொம்மை வேண்டாம், பலூன் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். பிரிக்காத கிரேயான் பெட்டி, வண்ணம் தீட்டும் புத்தகம், துடைத்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் கட்டைகள். நர்ஸ் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கொடுங்கள். துணி முயல் மாதிரி இன்னொரு துணி முயல் வாங்கித் தரத்தான் மனசு வரும், ஆனால் வாங்க மாட்டார்கள்.

ஆம்பூர்வாசி
கொஞ்சம் விலகிக் கேட்கிறேன், மன்னிக்கவும். தீவிர நோயோடு இப்போது வீட்டில் இருக்கிற குழந்தையின் கை அச்சு எடுக்கலாமா? எப்படி?

பல்மாவு
எடுக்கலாம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நேராகக் கை வைக்க மட்டும் கூடாது. அது இறுகும்போது கடுமையாகச் சூடாகும், தோல் வெந்துபோகும். பல் மருத்துவர்கள் அச்செடுக்கிற ஆல்ஜினேட் பொடி வாங்குங்கள். 450 கிராம் பாக்கெட்டில் பாதியே அதிகம். 20க்கு 15 சென்டிமீட்டர் தட்டு, 200 கிராம் பொடி, சுமார் 400 மில்லி தண்ணீர். பானைத் தண்ணீர் நல்லது. வெயில் நேரத்துத் தொட்டித் தண்ணீரில் ஒரு நிமிடத்திலேயே இறுகிவிடும். தூசி பறக்கும், வேறு அறையில் கலக்குங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டில் பரப்பி, கையை மெல்லப் பதித்து, இறுகும்வரை இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரம் யாராவது கதை சொல்லட்டும்.

ஊசி குத்தியிருக்கிற கை வேண்டாம். தட்டணு குறைவாக இருந்தால் அழுத்தக் கூடாது. தோலில் புண், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு விடுங்கள். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றாலும் விடுங்கள்.

கை எடுத்த 15 நிமிடத்துக்குள் வார்க்க வேண்டும், ஆல்ஜினேட் சுருங்கிக்கொண்டே போகும். டென்டல் ஸ்டோன் (பல் அச்சு வார்க்கும் மாவு) 100 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். தட்டைத் தட்டித் தட்டிக் குமிழை மேலே கொண்டு வாருங்கள். விரல் நுனியில் நிற்கிற குமிழ்தான் அச்சைக் கெடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, ஒரு வாரம் நிழலில் காயவையுங்கள். கை ரேகை வரை விழும்.

கோகுலாஷ்டமிக்குப் போடுகிற அரிசி மாவுக் காலடியை அட்டையில் எடுத்துச் சட்டம் போட வேண்டாம், பூச்சி தின்னும். தரையில் போட்டு நல்ல போட்டோ எடுங்கள்.

துணிமடிப்பு
நினைவு நாள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். பெட்டியை மாசியில் திறக்கச் சொல்லுங்கள். ஆவணியில் வேலூர்ப் பக்கம் மாலை மழை பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். திறந்தால் அந்த ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மாசியில் பனி விலகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. காலை 10 மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுவித் துடைத்த கையோடு. பாவாடையை எடுத்து வேறு பக்கமாகச் சுருட்டி வையுங்கள், சிலிக்காவைப் பாருங்கள், வசம்பை மாற்றுங்கள். ஆவணி நாளன்றும் ஏதாவது கையில் எடுக்க வேண்டும்போல் இருக்கும். அதற்காகக் கொலுசை மட்டும் சின்னச் சம்படத்தில் தனியாக வைத்துவிடுங்கள். ஒரு நாள் ஈரம் வெள்ளியைப் பெரிதாகக் கெடுக்காது.

கோட்டைவாசல்
டப்பா வாங்கியாயிற்று. வாய்ஸ் மெசேஜ் 11இல் 9 கிடைத்துவிட்டது, மீதி இரண்டை அத்தை போனில் தேடுகிறார்கள். முகாமுக்குப் பதில் மாதாமாதம் நோட்டு என்று முடிவு செய்திருக்கிறார்கள். பொருட்களில் பெயர் எழுத ஸ்கெட்ச் பேனா போதுமா?

காகிதக்கட்டு
வேண்டாம், ஊறிப் பரவும். பால்பாயின்டும் வேண்டாம். 2பி பென்சில். அலசிய பருத்தி நாடாவில் எழுதி, துணியின் உள்தையலில் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். என்ன பொருள், எந்த வருடம், யார் வாங்கியது அல்லது தைத்தது, அவள் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியாகச் சொன்னதை முதலில் எழுதுங்கள், மறந்துபோவது அதுதான். அந்த முயலுக்கு அவள் ஒரு பெயர் வைத்திருப்பாள், அம்மாவிடம் கேளுங்கள்.

கோட்டைவாசல்
கேட்டேன். "பல்லன்" என்று கூப்பிடுவாளாம். நாடாவில் எழுதிவிட்டார்கள்.